இதர குறிப்புகள்

என்னுடைய பழைய லேப்டாப்பில் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. அது இருக்கக் கூடாது. வேலை முடிந்த முப்பது நாளில் அழித்துவிடுவேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அழிக்கவில்லை. முதலில் சோம்பேறித்தனம். அப்புறம் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. லேப்டாப் மாற்றியபோதும் பழையதை விற்காமல் பீரோவின் மேல் தட்டில் போட்டு வைத்திருக்கிறேன். மனைவி இரண்டு முறை கேட்டாள், இந்த டப்பாவை ஏன் இன்னும் வச்சிருக்க என்று. ஏதோ போட்டோ இருக்கிறது என்றேன்.

கோப்பில் சில நூறு வரிகள். ஒரு வரி என்பது கூவம் கரையில் ஒரு வீடு. குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், ரேஷன் கார்டு இருக்கிறதா, கழிப்பறை எங்கே, வெள்ளம் வந்ததா என்று வரிசையாகப் பத்திகள். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘இதர குறிப்புகள்’. இந்தக் கட்டுரை அந்தக் கடைசிப் பத்தியைப் பற்றியது.

2017 கோடையில் எனக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் கோடு எழுதிக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறுகளில் வெளிவேலை எடுப்பேன். கல்லூரி சீனியர் ஒருவர் மூலமாக அந்த வேலை வந்தது. நகரத்து ஆறுகளைச் சீரமைக்கும் திட்டங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு ஆலோசனை நிறுவனம். கரையில் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு மொபைல் ஆப் வேண்டும், பின்னால் ஒரு டேட்டாபேஸ், மேலே பார்க்க அழகாக ஒரு டேஷ்போர்டு. ‘மக்கள் பங்கேற்பு’ என்று அவர்களுடைய ஸ்லைடில் பச்சை எழுத்தில் போட்டிருந்தது. எந்தப் பகுதி என்று கேட்டேன். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் என்றார்கள்.

நான் சிரித்துவிட்டேன். அது என் ஊர் சார் என்றேன். அவர்களுக்கும் சந்தோஷம். லோக்கல் ஆள் ஒருத்தர் டீமில் இருப்பது ரிப்போர்ட்டுக்கு நல்லது.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூவம் என்றால் சாக்கடை என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அது திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற ஊர்ப் பக்கம் தொடங்கி எழுபது கிலோமீட்டர் சொச்சம் ஓடி நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் கடலில் சேருகிற ஆறு. மேலே இருக்கும் ஊர்களில் அதில் சாதாரணமாக ஆற்றுத் தண்ணீர்தான் ஓடும். நகரத்துக்குள் நுழைந்த பிறகு, மழைக்காலம் தவிர்த்த மாதங்களில், அதில் ஓடுவது பெரும்பாலும் நாம் விட்ட கழிவுதான். அதுகூட ஓடாது. முகத்துவாரத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைத்துவிடும். தண்ணீர் நின்றுவிடும்.

சிந்தாதிரிப்பேட்டை இந்த ஆறு போடுகிற ஒரு வளைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் துணி நெய்யும் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் இப்படி ஆனது என்பார்கள். ஆற்றோரத்தில் உழைக்கிறவர்களைக் கொண்டுவந்து வைத்தது இந்த நகரமேதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். யாரும் வானத்திலிருந்து குதித்து ஆக்கிரமிக்கவில்லை. துறைமுகம், சென்ட்ரல், மார்க்கெட், வீட்டு வேலை என்று கை வேண்டியிருந்தது. கைக்கு வீடு யாரும் கொடுக்கவில்லை. கை போய்க் கரையில் குடிசை போட்டது.

என் அப்பாவுக்கு ஒரு அலுவலகத்தில் பியூன் வேலை கிடைத்ததால் நாங்கள் ஒரு தெரு உள்ளே தள்ளி, ஒற்றை அறை வாடகை வீட்டுக்கு வந்தோம். அப்பாவின் தங்கை கரையிலேயே இருந்தாள். அத்தைக்கு மீன் வெட்டும் வேலை. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் நீங்கள் மீன் வாங்கினால், வாசலில் அருவாமனையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கொடுப்பீர்கள் இல்லையா, அதில் ஒருத்தி. விடியற்காலையில் நடந்து போவாள், மதியம் செதில் ஒட்டிய கையோடு நடந்து வருவாள். என் மூன்றாவது செமஸ்டர் ஃபீஸில் பாதி அந்தக் கையிலிருந்து வந்தது. ஐம்பது ரூபாய் நோட்டுகள். கல்லூரி கவுண்டரில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே எண்ணினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காக இப்போது வெட்கமாக இருக்கிறது. சரி, அது வேறு கதை.

*

ஆப் வேலை எளிதானதுதான். கேள்விகளை அவர்கள் கொடுத்தார்கள், நான் ஃபார்மாக மாற்றினேன். சர்வே எடுக்கப் போனவர்கள் சமூகப்பணி படிக்கும் கல்லூரிப் பெண்கள். முப்பத்தைந்தாவது கேள்வியில் சிக்கல் வந்தது.

‘மாற்றிடம் வழங்கப்பட்டால் செல்ல விருப்பமா?’ ஆம், இல்லை. இரண்டே இரண்டு வட்டம்.

முதல் நாளே ஒரு பெண் போன் செய்தாள். “அண்ணா, இங்க யாருமே ஆம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ‘எங்க குடுப்பாங்க’ன்னு கேக்குறாங்க. நான் என்ன போடுறது? காலியா விட்டா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது.”

அடுத்த பக்கம் போகாததற்குக் காரணம் நான். எல்லாக் கேள்வியையும் கட்டாயமாக்கி வைத்திருந்தேன். காலியான செல் இருந்தால் டேஷ்போர்டில் வட்டப்படம் சரியாக வராது. நூறு சதவீதத்துக்குக் கூட்டல் வராது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ‘தெரியாது’, ‘சொல்ல முடியாது’, ‘அது எதைப் பொறுத்து’ என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு தொல்லை. அதை உள்ளே விட்டால் அதற்கென்று தனியாகக் கோடு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“பக்கத்துல குடுத்தா போறோம்னு சொல்றாங்களா? அப்போ ஆம் போட்டுட்டு, மத்ததைக் கீழ இதர குறிப்புகள்ல எழுதிடும்மா” என்றேன்.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவள் அதை வாட்ஸப் குழுவில் மற்ற பெண்களுக்கும் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மாலையிலிருந்து ‘ஆம்’ மளமளவென்று ஏறியது.

டேஷ்போர்டில் அந்த வட்டம் கிட்டத்தட்ட முழுவதும் பச்சையாக இருந்தது. ஆம் என்பதற்குப் பச்சை என்று நிறம் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பின்னர் அந்த நிறுவனத்தின் விளக்கக் கூட்டத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து அந்தப் படம் திரையில் வந்ததைப் பார்த்தேன். ‘குடியிருப்போரில் மிகப் பெரும்பான்மையினர் இடமாற்றத்துக்கு விருப்பம் தெரிவித்துள்ளனர்.’ இதர குறிப்புகள் பத்தி அந்த ரிப்போர்ட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை வைத்துப் படம் போட முடியாது அல்லவா. கூட்டம் முடிந்து ஃபில்டர் காபி கொடுத்தார்கள். பேமெண்ட் நேரத்துக்கு வந்தது.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஒரு ஏணியாகப் பார்க்கலாம் என்று. கீழ்ப்படி, ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவது. மேல்ப்படி, முடிவெடுக்கும் அதிகாரமே மக்களிடம் இருப்பது. ‘கருத்துக் கேட்பது’ நாலாவது படி. கேட்டதோடு நின்றுவிட்டால் அது சடங்கு என்கிறார். சர்வே எடுப்பதையும் இந்தப் படியில்தான் வைக்கிறார். நான் இதைப் படித்தது சர்வே முடிந்து பல வருஷம் கழித்து. படித்தபோது தோன்றியது, நாங்கள் நின்றது நாலாவது படியில்கூட இல்லை. நாலாவது படியின் போட்டோவை எடுத்துக் கீழ்ப்படியில் மாட்டியிருந்தோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். என் ஆப் இல்லாவிட்டாலும் அவர்களைக் கிளப்பியிருப்பார்கள். கூவம் சீரமைப்புக்கு 600 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிய திட்டம் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. கரையோரக் குடும்பங்கள் சுமார் 14,000 என்று கணக்கெடுத்து, நகரத்துக்கு வெளியே வீடுகளும் கட்டத் தொடங்கியிருந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ‘அவர்கள் பாதுகாப்புக்காகத்தான்’ என்ற வார்த்தையும் கிடைத்துவிட்டது. அந்த வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது பெருகி ஊரை மூழ்கடித்தது அடையாறு. அந்த அடையாற்றின் மேல்தான் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் பாலம் போட்டு நிற்கிறது. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலச் சாலைக்காகக் கூவத்துக்குள்ளேயே தூண்கள் எழும்பின. நீரோட்டம் தடைபடும் என்று 2012-ல் வேலையை நிறுத்தினார்கள், அப்புறம் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி எடுத்திருக்கிறார்கள். தூண்களிடம் யாரும் மாற்றிடத்துக்கு விருப்பமா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதுவும் என் ஆப்பில் ஆம் என்றுதான் பதிவாகியிருக்கும்.

ஆக, என் குற்றம் சின்னது. அது சின்னது என்று எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

*

அத்தையைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த சமயம். சாமான்களை லாரியில் ஏற்றும்போது நான் அங்கே இல்லை. ஆன்சைட்டில், சிங்கப்பூரில் இருந்தேன். அப்பா போனில் சொன்னார். “உங்க அத்த அருவாமனைய மட்டும் மடியில வச்சிகினு லாரி முன்னாடி ஏறி உக்காந்துச்சிடா.”

பெரும்பாக்கம் பழைய மகாபலிபுரம் சாலைக்கு உள்ளே, எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் இடம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டமிடப்பட்ட குடியிருப்பு. ஒரு ஊரையே அடுக்கி வைத்ததுபோல. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூட்டிவந்த இடத்திலும் பெருமழைக்குத் தண்ணீர் சூழும்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே, அடுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். மெரினாவுக்குப் பக்கத்திலும் நகரத்தின் நடுவிலும் அந்தப் பழைய வீடுகளை இன்றைக்கும் பார்க்கலாம். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அந்த ‘பக்கத்திலேயே’ மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்தது. வாரியத்தின் பெயரும் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது.

அத்தை முதல் இரண்டு மாதம் பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்தாள். மீன் மார்க்கெட் விடியும் முன்னாலேயே தொடங்கிவிடும். முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது அவளுடைய இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வாடிக்கை போய்விட்டது. இப்போது ஓஎம்ஆரில் ஒரு ஐடி கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். நீல நிறச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. என் கழுத்திலும் அடையாள அட்டை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் மூன்று சிக்னல்.

*

சிங்கப்பூரில் நான் தங்கியிருந்தது பீஷான் பக்கம். சாயங்காலம் நடக்கப் போகும் பூங்காவில் ஒரு ஆறு ஓடும். கல்லாங் ஆறு. பாறை, புல், வளைவு, குழந்தைகள் இறங்கிக் கால் நனைக்கிற மாதிரி சரிவான கரை. அது இயற்கையான ஆறு என்றே பல வாரம் நினைத்திருந்தேன். அது 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டு சிமெண்ட் கால்வாயாக இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சிமெண்டை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்திருக்கிறார்கள். உடைத்த கான்கிரீட்டைக் குப்பையில் போடாமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாக அடுக்கியிருக்கிறார்கள். நீர்மட்டம் ஏறினால் சைரன் ஒலிக்கும். பள்ளிக்கூடங்கள் ஆற்றின் பகுதிகளைத் தத்தெடுத்துக்கொள்ளும். எஞ்சினியர் மனசுக்கு இதைவிட என்ன வேண்டும். போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். நம்ம கூவம் இப்படி ஆகணும்டா.

அப்பா லாரி விஷயம் சொன்னதும் அதே வாரங்களில்தான். அதன் பிறகு கொஞ்சம் பின்னால் போய்ப் படித்தேன். 1977-ல் லீ குவான் யூ, பத்து வருஷத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் கல்லாங்கிலும் மீன் பிடிக்கும்படி செய்யுங்கள் என்றார். 1987-ல் செய்து முடித்தார்கள். அதற்காக இடம் மாற்றப்பட்டவை சுமார் 26,000 குடும்பங்கள், 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள், 5,000 தெருக்கடைக்காரர்கள். நான் கால் நனைத்த ஆற்றங்கரையில் பங்கேற்புக்கு ஆட்களை அழைத்தபோது, முதலில் அந்தப் படுகையில் இருந்தவர்கள் ஏற்கெனவே போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

இதைச் சொன்னால் சிங்கப்பூர் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. போனவர்களுக்கு அரசு அடுக்குமாடி வீடு கிடைத்தது, தெருக்கடைக்காரர்களுக்கு உணவங்காடிகள் கட்டிக் கொடுத்தார்கள், தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். என் சிக்கல் அதுவல்ல. சென்னையில் நாம் 2012-ன் பூங்காவைக் கேட்கிறோம், 1977-ன் வேலையைப் பெரும்பாக்கத்தில் ஒளித்து வைக்கிறோம். அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது, 2011-ல் திறந்தது. அழகான இடம், பறவைகள் வந்துவிட்டன. உள்ளே போக நேரம், அனுமதி எல்லாம் உண்டு. நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறோம். வைத்திருப்பது என்ற சொல்லிலேயே யாரோ வெளியே நிற்கிறார்கள்.

*

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் முறையாக இதர குறிப்புகள் பத்தியை மட்டும், மேலிருந்து கீழ் வரை, ஒரு புத்தகம் மாதிரி படித்தேன்.

சர்வே எடுத்த பெண்கள் நல்லவர்கள். மக்கள் சொன்னதைச் சொன்ன மொழியிலேயே தட்டச்சு செய்திருந்தார்கள். கோடையில் தண்ணீர் நகராது, மணல் மூடிக்கொள்கிறது, மணலை எடுத்தால் இரண்டு நாளில் நாற்றம் குறையும் என்று ஒருவர். ராத்திரி இரண்டு மணிக்கு டேங்கர் லாரி வந்து செப்டிக் டேங்க் தண்ணீரை ஆற்றில் ஊற்றுகிறது, நம்பர் வேணும்னா தர்றேன் என்று ஒருவர். மூன்றாவது படியைத் தண்ணீர் தொட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம், நாலாவது படிக்கு எப்பவும் ரெண்டு மணி நேரம் ஆகும் என்று ஒருவர். பாலத்தடியில் ஒரு விளக்குப் போட்டால் போதும், பொம்பளப் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கும். கரையில் மரம் வைப்பதென்றால் பூவரசு வையுங்கள், மற்றது நிற்காது. மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. இது மட்டும் பல வரிகளில்.

அந்த ஆற்றைப் பற்றி நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் இருந்ததைவிட இந்தப் பத்தியில் அதிகம் இருந்தது. எந்தப் படியில் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று கண்டுபிடிக்கத்தான் சென்சார் வைக்க வேண்டும் என்று அதே ரிப்போர்ட்டில் பரிந்துரைத்திருந்தோம்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பாதிக்கு மேற்பட்ட வரிகள் முடியவில்லை. நடுச் சொல்லில் நின்றன. கடைசியில் ஒரு கறுப்புக் கட்டம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. அத்தையின் வரி இப்படி இருந்தது:

“மீன் வெட்டுற வேலை. அண்ணன் வீடு பின்னாடி தெரு. பக்கத்துல குடுத்தா போறேன். மார்க்கெட்டுக்கு நடந்”

அதன் பிறகு அந்தக் கறுப்புக் கட்டம்.

இது ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. அந்தப் பத்திக்கு நான் ஒதுக்கிய இடம் 255 பைட். பழக்கதோஷம், எல்லாரும் அப்படித்தான் போடுவோம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். 255 எழுத்து வரும், நாலைந்து வாக்கியம். தமிழ் யுனிகோடில் ஒரு குறிக்கு மூன்று பைட். ‘க’ என்றால் மூன்று. ‘கு’ என்றால் உகரக் குறி தனி, ஆக ஆறு. ‘க்’ என்றாலும் புள்ளி தனி, ஆறு. கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு, பதிமூன்று சொல்லில் பை நிரம்பிவிடும். நிரம்பினால் டேட்டாபேஸ் எரர் காட்டும். எரர் வந்தால் சர்வே எடுக்கும் பெண்கள் எனக்குப் போன் செய்வார்கள். போன் வரக் கூடாதென்று, நீளம் தாண்டினால் சத்தமில்லாமல் வெட்டிவிடும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். வெட்டு ஒரு எழுத்தின் நடுவில் விழுந்தால் மிச்சமிருக்கும் துண்டு பைட்டைத் திரை அந்தக் கேள்விக்குறியாகக் காட்டும். அந்த வரியை எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு மேலே ‘பிறகு சரிசெய்ய வேண்டும்’ என்று கமெண்டுகூட போட்டிருந்தேன்.

ஃபோன்களில் இருந்த முழு வாக்கியங்கள் அன்றன்று சர்வருக்குப் போனதும் அழிந்துவிட்டன. அதையும் நான்தான் அப்படி வைத்திருந்தேன், ஃபோனில் இடம் நிரம்பாமல் இருக்க.

*

உலகத்தில் எங்கேயாவது இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று தேடியபோது கிடைத்தது புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவான். அங்கே மார்ட்டின் பென்யா என்று ஒரு கால்வாய். நம் கூவம் கதையேதான். 1930-களிலிருந்து கிராமத்தில் பிழைக்க வழியில்லாமல் வந்தவர்கள் அலையாத்திக் காட்டைத் தூர்த்து வீடு கட்டினார்கள். கால்வாய் அடைத்தது, மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள். தூர்வார வேண்டும் என்று அரசு 2002-ல் முடிவெடுத்தபோது, கரையோரத்து எட்டுக் குடியிருப்புகளின் மக்கள் கேட்ட கேள்வி, ‘தூர்வாரிச் சுத்தம் செய்த பிறகு இந்த நிலத்தின் விலை என்ன ஆகும்? அப்போது நாங்கள் எங்கே இருப்போம்?’

இரண்டு வருஷத்தில் 700-க்கும் மேற்பட்ட கூட்டங்களும் நிகழ்ச்சிகளும் நடந்தன. எழுநூறு. எங்கள் சர்வே மூன்று வார இறுதிகள். அந்தக் கூட்டங்களிலிருந்து அவர்கள் கண்டுபிடித்தது பூங்கா வடிவமைப்பை அல்ல, ஒரு சட்டத்தை. 2004-ல் அந்தச் சட்டம் நிறைவேறியது. சுமார் 200 ஏக்கர் நிலம் தனித்தனிப் பட்டாவாக இல்லாமல், அங்கே வாழ்பவர்களே நடத்தும் ஒரு நில அறக்கட்டளைக்குப் போனது. வீடு அவரவருக்கு, நிலம் பொதுவுக்கு. விலை ஏறினாலும் யாரும் மொத்தமாக வாங்கிக் கிளப்ப முடியாது. கால்வாய்க்காக நகர்ந்தே ஆக வேண்டியவர்களுக்கும் அந்த எட்டுக் குடியிருப்புக்குள்ளேயே இடம் தேட வேண்டும் என்பது ஏற்பாடு.

அது தேவலோகமும் இல்லை. 2009-ல் இன்னொரு சட்டம் போட்டு அந்த நிலத்தைப் பிடுங்கினார்கள். மக்கள் போராடி 2013-ல் திரும்ப வாங்கினார்கள். தூர்வாரும் வேலையோ வருஷக்கணக்காகத் தள்ளித் தள்ளிப் போனது. ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ‘நாங்கள் இங்கேதான் இருப்போம்’ என்பது சட்டமானது. அதற்குப் பிறகுதான் ஆறு எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு. இருப்பேனா மாட்டேனா என்று தெரியாதவனிடம் போய் நடைபாதைக்கு என்ன கல் பதிக்கலாம் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? எங்கள் கேள்வித்தாளில் அந்தக் கேள்வியும் இருந்தது. இருபத்தெட்டாவது.

*

போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆறாவது மாடி. அத்தைக்கு மதிய ஷிஃப்ட்.

முட்டை வறுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுக் கோப்பைத் திறந்து, உன் வீட்டுக்கு ஒரு பொண்ணு கேள்வி கேக்க வந்தாளே, ஞாபகம் இருக்கா என்றேன்.

“இருக்காத இன்னா. கண்ணாடி போட்ட பொண்ணு. டீ குடுத்தேன், குடிச்சுது. நல்ல பொண்ணு.”

நீ சொன்னது இதில் பாதிதான் இருக்கு, மீதி வெட்டிடுச்சு என்றேன். யார் வெட்டினது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் ஆறு மாடி ஏறினேன். ‘வெட்டிடுச்சு’ என்றுதான் வாயில் வந்தது.

“படி.”

படித்தேன். அத்தை முகத்தைச் சுளித்தாள்.

“மார்க்கெட்டுக்கு நடந்து போற தூரத்துல குடுத்தா போறேன், இல்லாட்டி இங்கயே இருந்துக்கறேன், தண்ணி வந்தா நாங்க பாத்துக்கறோம்னு சொன்னேன். இன்னாத்துக்கு அத்த விட்டுட்டு மீன் வெட்டுற வேலன்னு எழுதி வச்சிருக்கு? அதான் எல்லாருக்கும் தெரியுமே.”

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களும் அதே கரைதான். என்னோடது அதுல கீதா தம்பி என்றார். பெயர்களை அழித்துவிட்டேன், ஆனால் எத்தனை பேர், என்ன வேலை என்பதை வைத்துத் தேடினேன். கிடைத்தது. அவர் வரியும் பாதியில் நின்றது. அவர் மீதியைச் சொன்னார். மகன் பரீட்சை முடியட்டும் என்று சொன்னாராம். பரீட்சைக்கு முன்னால் லாரி வந்தது. பையன் ஒரு மாதம் அங்கிருந்து போய் வந்தான், அப்புறம் நின்றுவிட்டான். இப்போது உணவு டெலிவரி. எதிர் வீட்டிலிருந்து ஒரு தாத்தா வந்தார். கீழ் மாடியிலிருந்து இருவர். நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். இந்த முறை எக்செலில்தான், நீளம் பற்றிக் கவலையில்லை.

தாத்தா கேட்டார், “இப்ப இத்த எழுதி இன்னா பண்ணப் போற?”

கூவத்தில் அடுத்த கட்ட வேலைகளுக்கு ஒரு வடிவமைப்புக் குழு மக்கள் கூட்டம் போடுகிறது, அதற்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கே இதைப் படிக்கலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

“எங்க கூட்டம்?”

நுங்கம்பாக்கத்தில், வியாழக்கிழமை காலை பத்தரைக்கு.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். “வியாழக்கிழமைன்னா எனக்குக் காலைல ஷிஃப்ட்டுடா. ஞாயித்துக்கிழமை வைக்கச் சொல்லு. இங்க வைக்கச் சொல்லு” என்று சொல்லிக்கொண்டே நீலச் சட்டையை எடுத்து உதறினாள்.

கீழே இறங்கி வரும்போதே அந்தக் குழுவுக்கு மெயில் எழுதினேன். இடத்தையும் கிழமையையும் மாற்ற முடியுமா என்று. இன்றைக்கு புதன்கிழமை. இன்னும் பதில் வரவில்லை. நாளைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன்.